முட்டை வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம்

பௌர்ணமி வந்துவிட்டால் திருவண்ணாமலையில் கறிக்கடைக்காரர்களுக்கு வியாபாரம் படுத்துவிடும். 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்க வந்த கூட்டத்துக்கு வேண்டியது இட்லியும் சுக்குக் காப்பியும்தான். அதைப் பார்த்துவிட்டுப் போகிற வெளியூர்க்காரர் இது முழுச் சைவ ஊர் என்று நினைத்துக்கொள்கிறார். சாதாரண ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் ஆட்டுக்கறிக்கு நிற்கிற வரிசையைப் பார்க்கலாம். குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை மட்டும்தான் எங்கள் ஆட்கள் அரிவாளால் வெட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் பாய் கடை. அவர் பிஸ்மி சொல்லி அறுத்ததை வாங்கிப் போய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, அன்று மட்டும் கோயில் பக்கம் போகாமல் இருந்துவிடுவார்கள். அறுத்தது யார் என்று கேட்டுக் கறியைத் தள்ளியவரை நான் பார்த்ததில்லை.

இந்த ஊரில் நாளிதழ்களுக்குப் பகுதிநேர நிருபராக ஓடி ஓய்ந்தவன் நான். தீபத் திருவிழா, சாத்தனூர் அணை நீர்மட்டம், கலெக்டர் ஆபீஸ் மனுநாள் என்று போனது பிழைப்பு. பள்ளிக்கூடச் சாப்பாடும் அதில் அடக்கம். பல்லி விழுந்த சாம்பார், புழு நெளிந்த அரிசி, அழுகிய முட்டை. இந்த மூன்றைத் தாண்டிப் பள்ளிச் சாப்பாட்டைப் பற்றி டெஸ்க் எதுவும் கேட்டதில்லை. இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: சமைத்தது யார், அறுத்தது யார். அதிலும் பள்ளி, பிள்ளைகள், ஹலால் ஆகிய மூன்று சொற்களும் ஒரே வரியில் வந்துவிட்டால் அந்த வரி சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிடும்.

கறி விஷயத்தில் ஹலால் என்பது என்ன? உயிரோடு இருக்கிற, நோயில்லாத பிராணி. கூரான கத்தி. இறைவன் பெயரைச் சொல்லிக் கழுத்துக் குழல்களை அறுத்து ரத்தத்தை வடியவிடுவது. பன்றி ஆகாது, தானாகச் செத்தது ஆகாது, மது ஆகாது. அரிசி, பருப்பு, காய்கறி, பால், முட்டை, மீன் ஆகியவற்றுக்கு அறுப்பு முறை எதுவும் தேவையில்லை; அவை இயல்பாகவே ஹலால். நம் நாட்டுச் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 28ஆம் பிரிவில், ஒரு சமூகத்தின் மதம் கேட்கும் முறைப்படி விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்கிறது. பாய் கடைக் கத்திக்கும் குலசாமி கோயில் அரிவாளுக்கும் அந்த ஒரே பிரிவுதான் காப்பு.

இந்தக் கணக்கோடு தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடத்துக்குள் நுழைந்து பாருங்கள். 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த திட்டம். 1989இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது; 2010இல் அது வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. 2013இல் ஜெயலலிதா ஆட்சியில் கலவைச் சாதங்கள் வந்தன, காய்கறி பிரியாணியும் மிளகு முட்டையும் உட்பட. ஆடு, கோழி, மாடு எதுவும் எந்த ஆட்சியிலும் பானைக்குள் வந்ததில்லை. ஆகவே இந்தச் சாப்பாடு மொத்தமும் ஹலால். முட்டையை ஒதுக்கிவிட்டால் மொத்தமும் சைவம்.

நாளைக் காலை ஒரு பத்திரிகை, ‘அரசுப் பள்ளிகளில் 40 ஆண்டுகளாக ஹலால் உணவு’ என்று கொட்டை எழுத்தில் போடலாம். ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. மறுப்பு வெளியிடச் சொன்னால், பத்திரிகை ஆசிரியர் எந்த வரி தவறு என்று கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். ஆனால் படித்தவர் மனதில் உருவாகிற பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் எங்குமே இல்லாத ஒரு பள்ளிக்கூடமாக இருக்கும். உணவுச் செய்தியில் அநியாயம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பொய் சொல்ல வேண்டியதே இல்லை. பானைக்குள் என்ன இருந்தது என்பதை விட்டுவிட்டால் போதும்.

இந்திய பிரஸ் கவுன்சில் பத்திரிகையாளர்களுக்கு வகுத்துள்ள நடத்தை நெறிகளில் தலைப்புக்குத் தனியாக இடம் உண்டு. பரபரப்பூட்டும், ஆத்திரமூட்டும் தலைப்பு கூடாது. கீழே அச்சாகிற விஷயத்தை நியாயப்படுத்துவதாகத் தலைப்பு இருக்க வேண்டும். மீறினால் கண்டிக்கலாம். அதற்கு மேல் 1978ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சிலுக்குப் பல் வைக்கவில்லை. எங்கள் ஊர் டீக்கடைகளில் பத்திரிகை வாங்குகிறவர்களைவிட, வாசலில் தொங்கும் போஸ்டரைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அவர்களுக்குச் செய்தி என்பதே அந்த நாலு சொல்தான்.

2023இல் நாலு சொல் என்ன செய்யும் என்று தமிழ்நாடே பார்த்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகள், ஏறத்தாழ 15.75 லட்சம் பிள்ளைகள். உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 31 அன்று தினமலரின் ஈரோடு, சேலம் பதிப்பு, பிள்ளைகள் இரண்டு வேளை சாப்பிடுவதால் பள்ளிக் கழிப்பறை நிரம்பி வழிகிறது என்கிற பொருளில் முதல் பக்கத்தில் தலைப்பு வைத்தது. முதலமைச்சர் கண்டித்தார், நாளிதழ் எரிக்கப்பட்டது, அந்தப் பதிப்பு தனி நிர்வாகத்தில் நடப்பது என்று மற்றப் பதிப்புகளின் தரப்பு விலகிக்கொண்டது. எனக்கு அந்தத் தலைப்பின் கொச்சையைவிட உறுத்தியது வேறொன்று. பள்ளிகளில் கழிப்பறை போதாது, சுத்தம் செய்ய ஆள் போதாது என்பது உண்மையான செய்தி. எங்கள் மாவட்டத்திலேயே பக்கம் பக்கமாக எழுதலாம். அதைச் சொல்லப் போய், சாப்பிட்ட பிள்ளையைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள்.

அடுத்த மாதமே கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், காலை உணவைச் சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிடவிடவில்லை. கலெக்டர் பிரபுசங்கர் நேரே போய் அந்த அம்மா சமைத்ததைச் சாப்பிட்டார். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கலெக்டர் என்ன சாப்பிட்டார் என்பது வந்தது. பிள்ளைகளில் எத்தனை பேர் மறுநாள் சாப்பிட்டார்கள் என்பதைத் தேடித் தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

ஹலாலுக்கு இன்னும் கொஞ்சம் அருகில் போவோம். ஆம்பூரும் நாங்களும் ஒரு காலத்தில் ஒரே வட ஆற்காடு. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆட்டுக்கறி உண்டு, கோழி உண்டு, மாட்டுக்கறி மட்டும் கிடையாது. எதிர்ப்பு கிளம்பியதும், மழை வரும் என்று காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடு ஆகாதா என்று விளக்கம் கேட்டுக் கலெக்டருக்கு மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. பல செய்திகளில் இது இந்து, முஸ்லிம் தகராறாகவே போனது. நோட்டீஸ் அனுப்பியது எந்த ஆணையம் என்கிற ஒரு தகவலே கதையை வேறு பக்கம் திருப்பியிருக்கும். ஆம்பூரில் மாட்டுக்கறி பிரியாணி சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் முஸ்லிம்கள் இல்லை.

எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு. 2023 ஆகஸ்டில் ஆளுநர் ஆர்.என். ரவி கிரிவலம் வந்து போனபின், பாதையில் அசைவ உணவகங்கள் பெருகியிருப்பது பக்தர்களுக்கு வேதனையாக இருக்கிறது என்று ஆளுநர் மாளிகையின் குறிப்பு சொன்னது. அது ஒரு விவாதத்துக்கு உரிய கருத்து, பேசலாம். அன்று மாலை எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் ஒன்றுகூட அந்த உணவகங்களில் வேலை செய்கிறவர்கள் யார், யார் வந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்கவில்லை. எத்தனை பாய் கடை இருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

பள்ளித் தட்டில் கறி இருந்து, அதை எடுத்த இடம் என்றால் லட்சத்தீவு. 95 சதவீதத்துக்கும் மேல் முஸ்லிம்கள் வாழ்கிற தீவுகள். 2021இல் நிர்வாகி பிரஃபுல் கோடா படேல் காலத்தில் மதிய உணவுப் பட்டியலிலிருந்து கோழியும் இறைச்சியும் நீக்கப்பட்டன. மீனும் முட்டையும் இருந்தன. பழமும் உலர்பழமும் சேர்க்கப்பட்டன. கவரத்தியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் கேரள உயர் நீதிமன்றம் போனார். 2021 ஜூனில் இடைக்காலத் தடை கிடைத்தது. செப்டம்பரில் மனு தள்ளுபடி. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் பழைய பட்டியலையே தொடரச் சொன்னது. 2023 செப்டம்பரில் அதே நீதிமன்றம், ஒரு பகுதிப் பிள்ளைகள் எதைச் சாப்பிட வேண்டும் என்பது நிர்வாகத்தின் கொள்கை முடிவு, நீதிமன்றம் நிர்ணயிக்க முடியாது என்று மனுவைத் தள்ளியது.

நான் அப்போது கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒரு பக்கம் பிள்ளைகள் வாயிலிருந்து பிடுங்கிய கதை. இன்னொரு பக்கம் சத்துணவுச் சீர்திருத்தக் கதை. மீனும் முட்டையும் தொடர்ந்தன என்பது முதல் கதையில் கடைசிப் பத்திக்குப் போயிற்று. நீக்கும் முன் அந்தத் தீவின் பெற்றோரைக் கேட்டார்களா என்பது இரண்டாவது கதையில் வரவே இல்லை. என் தீர்ப்பைக் கேட்டால், பிள்ளைகளுக்குப் பழகிய உணவை மேலிருந்து வந்த ஒரு கையெழுத்து எடுத்தது தவறு என்பேன். அதைச் சொல்வதற்கு மீனை மறைக்க வேண்டியதில்லை.

சீமையிலும் இதே கூத்து. 2017 அக்டோபரில் இங்கிலாந்தின் லங்காஷயர் கவுன்டி கவுன்சில், தான் உணவு வழங்கும் பள்ளிகளுக்கு ஒருவகை ஹலால் இறைச்சியை நிறுத்துவதென்று வாக்கெடுத்தது. 27 பள்ளிகள், ஏறத்தாழ 12,000 பிள்ளைகள். நிறுத்தியது எதை? அறுக்கும் முன் மின் அதிர்ச்சியால் மயக்கப்படாத விலங்கின் இறைச்சியை. அதிலும் கோழிக்கு விலக்கு. மயக்கியபின் அறுத்ததை ஹலால் என்று ஏற்கிற முஸ்லிம்கள் உண்டு, பிரிட்டனில் விற்கும் ஹலால் இறைச்சியில் பெரும்பகுதி அப்படித்தான். ஏற்காதவர்களும் உண்டு. லங்காஷயர் மசூதிகளின் அமைப்பு ஏற்காத தரப்பு. பள்ளிச் சாப்பாட்டைப் புறக்கணிக்கச் சொல்லும் அளவுக்குப் போனார்கள். விலங்கு வலியைப் பேசியவர்களில் உண்மையாகவே விலங்குக்காகப் பேசியவர்களும் இருந்தார்கள், வேறு கணக்கோடு பேசியவர்களும் இருந்தார்கள். இவ்வளவும் சேர்ந்ததுதான் செய்தி. கடல் தாண்டி வரும்போது ‘பள்ளிகளில் ஹலாலுக்குத் தடை’ என்று மூன்று சொல்லாகச் சுருங்கிவிட்டது. ஒரு கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள், மறு கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். இருவருமே நடக்காத ஒன்றுக்காக.

பிரான்ஸ் கதை இன்னும் நீளம். ஷாலோன் நகர மேயர் 2015இல், பன்றிக்கறி போடுகிற நாளில் மாற்று உணவு தரும் நெடுநாள் வழக்கத்தை நிறுத்தினார். வழக்கு ஐந்து ஆண்டு இழுத்தது. மாற்று உணவு தந்தே ஆக வேண்டும் என்று நகராட்சியைக் கட்டாயப்படுத்த முடியாது, தரக்கூடாது என்று மதச்சார்பின்மையைக் காட்டித் தடுக்கவும் முடியாது என்று 2020 டிசம்பரில் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் சொல்லி முடித்தது.

எங்கள் சத்துணவு ஆயாக்கள் அந்தத் தீர்ப்பைப் படித்தால் சிரிப்பார்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் என்பது இங்கே அரசாணையிலேயே இருக்கிறது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட பையன் தட்டை நீட்டும்போதே, “ஆயா, முட்டை வேணாம்” என்பான். புரட்டாசி சனிக்கிழமைக்காரர்கள் அந்த மாதம் முழுக்கவே தொடமாட்டார்கள்; புரட்டாசியில் நாமக்கல் முட்டை விலையே சரிகிறது. ரம்ஜான் மாதத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் நோன்பு பிடிப்பார்கள். சத்துணவு டீச்சர் அன்றைய வருகைக் கணக்கில் அதைக் கழித்துவிட்டுத்தான் அரிசி அளக்கச் சொல்வார். யாரும் மனு கொடுக்கவில்லை, யாரும் வழக்குப் போடவில்லை, நானும் இதை ஒருநாளும் செய்தியாக அனுப்பியதில்லை. போராட்டம் இல்லாத இடத்தில் செய்தி இல்லை என்பது எங்கள் தொழிலில் எழுதாத விதி.

தனியார் பள்ளிக் கேன்டீனில்தான் கறி வருகிறது, கேள்வியும் அங்கேதான் வருகிறது. ஒருநாள் ஊரில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றியது: இன்ன பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஹலால் கறி கட்டாயமாகக் கொடுக்கிறார்கள், பெற்றோரே உஷார். என் இடத்துக்கு வந்திருக்கும் தம்பி போன் பண்ணினார்.

“அண்ணே, டெஸ்க்ல உடனே போடச் சொல்றாங்க. தாளாளர் போனை எடுக்கல. அவர் மறுப்புத் தெரிவிக்கலன்னு எழுதிடவா?”

“சமைக்கிறவரு யாருன்னு பார்த்தியா?”

“இல்லண்ணே.”

“முதல்ல அங்க போப்பா.”

போனார், நானும் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பப்ஸ், எலுமிச்சைச் சாதம், தயிர் சாதம். புதன்கிழமை மட்டும் சிக்கன் ரைஸ், வேண்டியவர் காசு கொடுத்து வாங்குவது. குத்தகைக்காரர் நெற்றி நிறைய விபூதி பூசியவர். கோழி எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டோம். எதிர்ச் சாரியில் இருக்கும் பிராய்லர் கடையாம், கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைத்துத் தருகிறாராம். ஹலாலா? “போர்டுல போட்டிருக்கும்னு நினைக்கிறேன் சார். நான் விலையத்தான் பார்த்தேன்.” பேசிக்கொண்டிருக்கும்போதே தம்பியின் கண் சுவரில் மாட்டியிருந்த உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்குப் போனது. அது காலாவதியாகி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அந்த உரிமச் செய்தி உள்பக்கத்தில் ஆறு வரியாக வந்தது. வாட்ஸ்அப்காரர்கள் அதைப் பகிரவில்லை.

அந்த வதந்தியை நம்பிய பெற்றோர் எல்லாரையும் வெறுப்பாளர்கள் என்று எழுதுவதும் சோம்பேறித்தனம். ஹலால் முறையில் அறுத்ததைச் சாப்பிடக்கூடாது என்பது சீக்கியர்களுக்கு மத ஒழுக்கம். வேறு காரணத்துக்காக வேண்டாம் என்கிறவர்களும் இருக்கலாம். தன் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று கேட்க ஒரு தாய்க்கு உரிமை உண்டு. அந்தக் கேள்வியைப் பத்திரிகை எழுதட்டும். 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஹலால் சான்றிதழ் பெற்ற பொருள்களின் விற்பனையைத் தடை செய்து, ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு அளித்தபோது, சான்றிதழ் வேறு, அறுப்பு முறை வேறு என்று விளக்கிய செய்திகள் அரிதாகவே என் கண்ணில் பட்டன. சான்றிதழ் என்பது ஒரு நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் முத்திரை, அதை விமர்சிக்க இடம் இருக்கிறது. எங்கள் ஊர் பாய் கடையில் அப்படி ஒரு காகிதம் கிடையாது. அவர் முகம்தான் சான்றிதழ்.

2021 செப்டம்பரில் ஒரு வழக்கு விசாரணையின்போது அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா, ஊடகங்களில் ஒரு பகுதி எல்லாவற்றுக்கும் மதச் சாயம் பூசுகிறது என்று வருந்தினார். உண்மை. அதோடு எனக்கு இன்னொரு குறையும் உண்டு. சாயம் பூச முடியாததை அவர்கள் பார்ப்பதே இல்லை.

எங்கள் மாவட்டத்தில் ஒரு மாணவியர் விடுதி. கோழிக்கறி போடுகிற நாளில் முஸ்லிம் பிள்ளைகள் இரண்டு பேர் ரசமும் அப்பளமும் மட்டும் வாங்கிக்கொள்வார்கள். முன்பு இருந்த காப்பாளர் கறியை எந்தக் கடையில் வாங்குகிறார் என்று பிள்ளைகளுக்கே தெரியும், சாப்பிட்டார்கள். ஒப்பந்தம் கைமாறியபின் மூட்டையில் வருகிற கோழி எங்கே அறுத்தது என்று சமையல்காரருக்கே தெரியாது. பிள்ளைகள் கேட்கவும் இல்லை. கேட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். கடை எது என்று தெரிந்தால் தீருகிற விஷயம். அதே கோழியில் பாதிக்குமேல் எலும்பு என்று மற்றப் பிள்ளைகளும் புலம்பினார்கள். இரண்டையும் சேர்த்து, பெயர் எதுவும் போடாமல், ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன்.

டெஸ்க்கிலிருந்து கூப்பிட்டார்கள். “சார், யாராவது புகார் குடுத்திருக்காங்களா?”

இல்லை என்றேன்.

“மறியல், முற்றுகை எதுவும்?”

“ரெண்டு பிள்ளைங்க வாரம் ஒருநாள் ரசஞ்சோறு சாப்பிடுதுங்க தம்பி. அவ்வளவுதான்.”

“அப்ப வேணாம் சார். ஏதாவது பிரச்சினை ஆச்சுன்னா அனுப்புங்க, லீடா போட்டுடலாம்.”